மேனேஜரின் கடைவாய்ப் பல்

மேனேஜர் என்று நான் பேர் வைத்த நாயின் கடைவாய்ப் பல்லிலிருந்து முதல் காறை பெயர்ந்து என் வீட்டு வாசலில் விழுந்தபோது, அது என்னுடைய குரலில், போன மாசம் நான் பேசியபடியே, "குழம்பு வைக்கத் தெரியாதவளெல்லாம் எனக்குப் புத்தி சொல்ல வர்றா பாருடா மேனேஜரு" என்று சொல்லிவிட்டு அடங்கியது. அப்போது நாயின் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பக்கத்து வீட்டு நல்லாயி, அந்தப் பேச்சும் நல்லாயியைப் பற்றியதுதான். அவள் காலை விடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "மீன் குழம்பா, புளிக் குழம்பாண்ணா?" என்று கேட்டாள்.

நான் நாயின் தலையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். புளிக் குழம்புதான்.

எங்கள் மில் லைனில் பதினான்கு வீடுகள். கிழங்கு மில்லில் மரவள்ளியைத் தோலுரித்து, அரைத்து, பாலை வடித்து, மாவை உருட்டி, பெரிய இரும்புத் தட்டில் வறுத்து ஜவ்வரிசியாக்கி வெயிலில் கொட்டுகிற வேலைக்கு வந்தவர்களுக்காக முதலாளி கட்டிக் கொடுத்த வீடுகள் அவை, ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம் சொந்தம். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவனுக்கு இன்னொருவன் மேல் கோபம் வந்தால் நேராகப் போய்த் திட்ட முடியாது, மறுநாள் காலையில் அதே குழாயடியில் அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதனால் ஜாடைப் பேச்சுதான் எங்கள் வழக்கம். கோழியைத் திட்டுவது போல மாமியாரைத் திட்டுவார்கள், ஆட்டை அதட்டுவது போல அண்ணனை அதட்டுவார்கள், கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும், கேட்டவர்களும் கேட்காதது போல இருந்துவிட்டு, சாயங்காலம் தங்கள் கோழியிடம் பதில் சொல்வார்கள். எனக்குக் கோழியும் இல்லை, ஆடும் இல்லை. மேனேஜர் மட்டும்தான் இருந்தது. பதினோரு வருஷமாக என் பேச்சை எல்லாம் அதனிடம்தான் பேசினேன். பேர் வைத்ததே அதற்காகத்தான். என்னை இருபத்தாறு வருஷம் 'ஏய்' என்று மட்டும் கூப்பிட்ட மில் மேனேஜரை, அவர் சைக்கிளில் லைனைக் கடக்கும்போது, "டேய் மேனேஜரு, நக்கித் தின்னு போடா" என்று வாய் நிறையக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அந்த ஆசை பல தடவை நிறைவேறியது.

நாயை நான் நன்றாகத்தான் வளர்த்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை வெறிநாய்க்கடி ஊசி போட்டேன். வெயில் காலத்தில் காதுக்குள் விரலை விட்டு உண்ணி பொறுக்கினேன். நகம் வளைந்து வளர்ந்தால் ராவிவிட்டேன். பல்லைப் பற்றி மட்டும் ஒரு நாளும் நினைக்கவில்லை. நாய்க்கு எதற்குப் பல் தேய்ப்பது, எலும்பு கடித்தால் தானாகச் சுத்தமாகிவிடும் என்றுதான் லைனில் எல்லோரும் சொன்னார்கள், நானும் அதையே நம்பினேன். அதோடு தினம் காலையில் நான் டீ குடிக்கும்போது வர்க்கியை டீயில் முக்கி முக்கி அதற்குக் கொடுத்தேன். ஒரு வர்க்கி எனக்கு, ஒரு வர்க்கி அதற்கு. சர்க்கரை பாகாகிப் பல்லில் ஒட்டி, அதன் மேல் எச்சில் ஊறி, எச்சில் காய்ந்து காறையாகி, காறை மேல் காறை ஏறி, பல்லின் வெள்ளையே தெரியாமல் பழுப்பு நிறக் கல்லாக நின்றது. என் பேச்சும் அந்தக் காலை நேரத்துப் பேச்சுதான் என்பதால், அது இடையில் எங்கேயோ சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு மேல் காரணம் எனக்குத் தெரியாது. லைனில் யாரும் காரணம் கேட்கவும் இல்லை.

முதலில் வாய் நாறியது. வயசான நாய் நாறத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பிறகு சோற்றை எடுத்து வாயில் போட்டு, கீழே நழுவவிட்டு, மறுபடி எடுத்தது. ஒரு பக்கமாகவே மென்றது. முன்னங்காலால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. தண்ணீர்ச் சட்டியில் ரத்தம் நூல் போல மிதந்ததைப் பார்த்த பிறகுதான் என் சம்சாரம் அங்கம்மா, "வாயைத் திறந்து பார்த்தீங்களா, இல்ல பேசறதுக்கு மட்டுந்தான் அதுகிட்ட வாயைத் திறப்பீங்களா?" என்று கேட்டாள். முப்பத்தெட்டு வருஷமாக இப்படித்தான் கேட்கிறாள்.

மாட்டாஸ்பத்திரியிலிருந்து அமுதவல்லி என்ற பெண் எங்கள் பக்கம் வண்டியில் வருவாள், ஊசி போடுவாள், சினை பார்ப்பாள். நாய்க்குப் பல் விளக்குங்கள், பூச்சி மருந்து மூன்று மாசத்துக்கு ஒரு தடவை கொடுங்கள் என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தவள், கேட்க ஆளில்லாமல் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகியிருந்தாள். மேனேஜரின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயா, இதை ஒரே நாள்ல எடுக்க முடியாது. மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்கணும். ஆனா நெஞ்சுல வேற மாதிரி சத்தம் கேக்குது. மயக்கம் போட்டா எந்திரிக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப என்னதான் பண்றது?"

"மாத்திரை கொடுத்து வீக்கத்தைக் குறைச்சிட்டு, தெளிவா இருக்கும்போதே தினம் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டி எடுக்கலாம். இது நல்ல முறை இல்லைங்க. வேற வழி இல்லாததால சொல்றேன்."

அப்படித்தான் அந்தக் காலை வந்தது, அப்படித்தான் நல்லாயி காலைப் பிடித்தாள், அப்படித்தான் முதல் காறை விழுந்து பேசியது. அமுதவல்லி கையிலிருந்த கொக்கியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், "இந்தப் பக்கம் முடிஞ்சுது, அந்தப் பக்கம் திருப்புங்க" என்றாள். இரண்டாவது காறை டீக்கடை மாதையனைப் பற்றிப் பேசியது. மூன்றாவது மறுபடி நல்லாயி.

மறுநாள் காலையில் நல்லாயி முக்காலி எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்கு மறுநாள் ஒன்பது பேர் வந்தார்கள். ஒரு வாரத்தில் மாதையன் தன் கடையைச் சாத்திவிட்டு டீக்கேனைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கே வந்து ஊற்ற ஆரம்பித்தான். ஒவ்வொரு கல்லும் ஒரு தடவைதான் பேசும், விழுந்த கையோடு பேசிவிட்டு அடங்கிவிடும், அதன் பிறகு தட்டினாலும் குலுக்கினாலும் பேசாது. அதனால் ஒரு கல்லையும் தவறவிடக் கூடாது என்று எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். யாரைப் பற்றிய கல்லோ அது அவர்களுக்குச் சொந்தம் என்று தானாகவே ஒரு முறை உண்டானது. சிலர் அதை மில் குட்டையில் வீசினார்கள், சிலர் காகிதத்தில் மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தார்கள். நல்லாயி தன்னுடைய ஐந்து கற்களை ஜன்னலில் வரிசையாக அடுக்கி, என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைத் தூசி தட்டினாள்.

நான் நினைத்தேன், லைனே சேர்ந்து வந்து என் வாசலில் மண்ணை வாரி வீசப்போகிறது என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஜாடையாக ஏற்கெனவே பாதி கேட்டதுதான், இப்போது முழுசாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். வருத்தப்பட்டவர் எட்டாம் வீட்டு ஆண்டியப்பன் மட்டும்தான். ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்ற மனிதர். இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க செங்கோடன், பதினோரு வருஷத்துல என்னைப் பத்தி ஒரு வார்த்தை கூடவா பேசல?"

"பேசற மாதிரி நீங்க ஒண்ணும் பண்ணலைங்களே."

"தண்ணிக் குழாய் சண்டையில உங்களை நான் எவ்வளவு பேசினேன்!"

"மறந்துட்டேனுங்க."

அவர் முகம் வாடிப்போனது. நான் அதை மறக்கவில்லை. ஆனால் மறக்கவில்லை என்கிற திருப்தியைக் கூட அவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

அங்கம்மாவுக்கு ஒரே ஒரு கல்தான் விழுந்தது. கீழ்த்தாடையின் கோரைப்பல்லிலிருந்து அது கழன்று விழுந்து, "இவ வைக்கிற ரசத்துக்கு ஈடா எவளும் வைக்க முடியாதுடா, சொன்னா தலைக்கு ஏறிடும், நீயும் சொல்லிடாதே" என்றது. இருபது பேர் என் சம்சாரத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் கல்லைத் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று மத்தியானம் சாப்பிடும்போது, "இதை நாய்கிட்டத்தான் சொல்லணுமா?" என்று கேட்டாள். அன்றைக்கு ரசம் வைக்கவில்லை.

அதற்குள் லைனில் வேறொரு காரியமும் நடந்தது. நாய் வைத்திருந்த ஏழு வீட்டுக்காரர்களும் அவரவர் நாயின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார்கள். ஆட்காட்டி விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, நாய்க்கென்று அமுதவல்லி கொண்டுவந்து கொடுத்த பசையைத் தொட்டு, பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் வட்டமாகத் தேய்க்க எல்லோரும் பழகிக்கொண்டார்கள். மனுஷர் பேஸ்ட் நாய் வயிற்றுக்கு ஆகாது என்பதும், வேகவைத்த எலும்பு குடலைக் கிழிக்கும் என்பதும், வர்க்கியும் பன்னும் கூடவே கூடாது என்பதும் சின்னக் குழந்தைக்குக் கூட மனப்பாடமாயிற்று. காலையில் குழாயடிக்குப் போவதற்கு முன்னால் ஏழு நாய்களும் ஏழு வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஆறு வருஷமாகத் தொண்டை வற்றச் சொல்லியும் நடக்காதது இப்போது தானாக நடக்கிறதே என்று அமுதவல்லிக்கு ஒரே சந்தோஷம், காரணத்தை அவள் ஆராயவில்லை. ஜாடை பேசுகிறவர்கள் மறுபடியும் கோழிக்கே போய்விட்டார்கள். கோழிக்குப் பல் இல்லை.

இவ்வளவு நடந்தும் கடைசி வீட்டுச் சீரங்கன் ஒரு நாளும் என் வாசலுக்கு வரவில்லை. விழுந்த கற்களில் பாதிக்கு மேல் அவனைத்தான் பேசின. அவன் நடையை, அவன் இருமலை, அவன் துண்டு போடும் விதத்தை. கல் ஒவ்வொன்றும் பேசி முடிந்ததும் எல்லோரும் திரும்பி அந்தச் சாத்திய கதவைப் பார்ப்பார்கள். அவனுக்குச் சேர வேண்டிய கற்களை எடுத்துக்கொள்ள ஆளில்லாததால், மாதையன் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தான். டப்பா நிறைந்துகொண்டே வந்தது.

அந்தக் கதவைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் காலைகளில் நான் மட்டும் நாயின் வாய்க்குள்ளேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். மேல் கல் புதுசு, உள் கல் பழசு, ஈறோடு ஒட்டியிருப்பது எல்லாவற்றிலும் பழசு என்று எனக்கு மூன்றாம் நாளே விளங்கிவிட்டது. மேல் வரிசையில் வலது பக்கத்துப் பெரிய பல்லின் அடியில், மேனேஜர் குட்டியாக என் வீட்டுக்கு வந்த வாரத்துப் பேச்சு இருக்கும். அந்த வாரம் நான் என்ன பேசினேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பங்குனி மாசத்தில் ஒரு மத்தியானம், மில்லில் வறுக்கிற தட்டு தீப்பிடித்துக் கூரைக்குப் பரவி, கிடங்கு பாதி எரிந்துபோனது. ஆள் சேதமில்லை. தட்டுக்குப் பொறுப்பு நான், அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன் சீரங்கன். அவன் விறகை அளவுக்கு மேல் தள்ளிவிட்டான் என்று நான் சொன்னேன். செங்கோடன் சோற்றைத் தின்றுவிட்டு மூட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டான் என்று அவன் சொன்னான். முதலாளிக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை, லைனுக்கும் தெரியவில்லை. அதனால் எங்கள் வழக்கப்படி மாரியம்மன் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றிவைத்தார்கள். உண்மை சொல்கிறவன் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். நான் அணைத்தேன். சீரங்கன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "பார்த்ததைச் சொன்னேன். இதுக்குப் போய் சாமியை இழுக்க மாட்டேன்" என்றான். அணைக்காதவன் பொய்யன் என்று லைன் முடிவு கட்டியது. அவனுக்கு மில்லில் வேலை போயிற்று, வீட்டை மட்டும் முதலாளி விட்டுவைத்தார். அன்றிலிருந்து அவன் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகவில்லை, அவனையும் யாரும் கூப்பிடவில்லை.

அவன் சொன்னதுதான் நிஜம். நான் தூங்கினேன்.

தூங்கியதற்கு நான் வருத்தப்பட்டதை விட, அதை அவன் சொன்னதற்குக் கோபப்பட்டது அதிகம். பத்து வருஷம் ஒன்றாக ஒரே அடுப்பில் நின்றவன், ஒரு வார்த்தை மூடி வைத்திருக்கலாம். அந்தக் கோபம் ஆறவில்லை, இதை எழுதும்போதும் முழுசாக ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சத்தியம் செய்த மறுநாள், மில் முற்றத்தில் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மடியில் போட்டுக்கொண்டு, அதன் காதுக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். உலகத்தில் ஒரு உயிரிடமாவது சொல்லிவிட்டோம் என்ற தைரியத்தில்தான் நான் பதினோரு வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மற்ற பற்கள் எல்லாம் சுத்தமான பிறகு அந்த ஒரு பல் மட்டும் மிஞ்சியது. அதன் மேல்காறை போய்விட்டது, அடியில் ஈறோடு ஒட்டிய கல் மட்டும் கறுப்பாக நின்றது. வலது கண்ணுக்குக் கீழே கோலி அளவுக்கு வீங்கியது. அமுதவல்லி கொக்கியைக் கொண்டுபோனாலே மேனேஜர் துள்ளியது, என் கையையே கவ்வியது.

"இதுக்குள்ள சீழ் கட்டியிருக்கு ஐயா. விட்டா கண்ணுக்கு ஏறும், ரத்தத்துல கலந்து நெஞ்சுக்குப் போகும். ஏற்கெனவே பலவீனமான நெஞ்சு. ஒரு மாசம் தாங்கினா அதிசயம்."

"எடுத்துடுங்க."

"அசையாம வாயைப் பிடிக்க ஆள் வேணும். உங்களுக்கு நிக்க மாட்டேங்குது."

"எனக்கு நிக்கலைன்னா யாருக்கும் நிக்காது."

உள்ளேயிருந்து அங்கம்மா, "சீரங்கண்ணனுக்கு நிக்கும்" என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் தினமும் என் நாய் கடைசி வீட்டுக்குப் போயிருக்கிறது. பல் வலித்து மெல்ல முடியாமல் போன நாளிலிருந்து அவன் சோற்றைக் குழையப் பிசைந்து, மோர் ஊற்றிக் கையாலேயே ஊட்டியிருக்கிறான். நான் திட்டிய திட்டெல்லாம் ஒட்டியிருந்த அதே வாய்க்குள் அவன் விரலை விட்டுச் சோறு வைத்திருக்கிறான். எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அங்கம்மா என்னிடம் சொல்லாமல் மறைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

"வேண்டாம். ரெண்டு நாள் போகட்டும்" என்றேன்.

ரெண்டு நாள் ஒன்பது நாளாயிற்று. ஒரு மத்தியானம் கம்பி முறுக்குகிற குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு, நாயைப் புறக்கடைக்குக் கூட்டிப்போய், யாருமில்லாத இடத்தில் நானே பெயர்த்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அது துள்ளவில்லை, கடிக்கவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டது. குறடு கல்லின் மேல் பட்டதும் அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. தாடையை உடைத்துவிடுவேன் என்று பயந்து எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அது தண்ணீரைக் கூட நக்கவில்லை. கடைசி வீட்டுக்குப் போகவும் அதற்குத் தெம்பில்லை. வாசற்படியில் தலையை வைத்து, மூச்சை எண்ணி எண்ணி விடுவது போல விட்டுக்கொண்டு கிடந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் அங்கம்மா கொண்டையை முடிந்துகொண்டு, "நீங்க போக மாட்டீங்க. நான் போறேன்" என்று தெருவில் இறங்கினாள். நான் தடுக்கவில்லை.

சீரங்கன் வந்தான். பதினோரு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. துண்டை விரித்துத் தரையில் போட்டு உட்கார்ந்து, மேனேஜரின் தலையைத் தொடையில் தூக்கி வைத்து, ஒரு கையால் மேல்தாடையையும் ஒரு கையால் கீழ்த்தாடையையும் பிடித்தான். நாய் பெருமூச்சு விட்டுவிட்டு அசையாமல் கிடந்தது.

பதினான்கு வீட்டுச் சனமும் வந்துவிட்டது. கடைசிக் கல், அடிக் கல், தீப்பிடித்த வருஷத்துக் கல் என்று எல்லோருக்கும் தெரியும். மாதையன் டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டு முன்னால் வந்தான்.

"இன்னைக்குச் சீரங்கன் அவரு காதாலயே கேக்கட்டும்ணா. கற்பூரம் அணைச்ச வாரத்துப் பேச்சு. சும்மாவா?"

"ஆரம்பிக்கட்டுங்களா ஐயா?" என்றாள் அமுதவல்லி.

நான் நாயைப் பார்த்தேன். அதன் நாக்கு நுனி வெளியே வந்து சீரங்கனின் மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. கல் விழுந்து என் குரலில் அதைச் சொன்னால், பிடிபட்டவனாக நிற்பேன். சொல்ல வேண்டியதை நாய் வாயிலிருந்து சொல்லவைத்தவனாகவும் நிற்பேன். அந்த இரண்டாவது அவமானத்தை மட்டுமாவது தவிர்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பெரிய மனசு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"கொஞ்சம் நிறுத்தும்மா" என்றேன். "அந்தக் கல்லு என்ன சொல்லப்போகுதுன்னு நானே சொல்லிடறேன். அன்னைக்கு நான் தூங்கினேன். சோறு தின்னுட்டு, மூட்டையில சாஞ்சு, நல்லாத் தூங்கினேன். தட்டு கருகின வாசத்துலதான் முழிச்சேன். இவன் விறகை அளவாத்தான் தள்ளினான். நான் கற்பூரம் அணைச்சது பொய்ச் சத்தியம்."

மாதையனின் டீக்கேன் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. சீரங்கன் தலையைத் தூக்கவே இல்லை, நாயின் தாடையைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. அமுதவல்லி வெளியூர்க்காரி, அவளுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. "பேசி முடிச்சிட்டீங்களா? எச்சில் வடியுது பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கொக்கியை உள்ளே விட்டாள். ஒரு அழுத்தம், ஒரு திருப்பு. மேனேஜர் ஒரு தடவை முனகியது. சீழும் ரத்தமுமாகக் கல் துண்டில் விழுந்து, அங்கிருந்து உருண்டு தரைக்கு வந்து, பதினோரு வருஷம் இளமையான என் குரலில் அழுதுகொண்டே பேசியது.

"நான் தூங்கலடா குட்டி. சத்தியமாத் தூங்கல. ஊரு நம்பிடுச்சு. நீயும் நம்பு. நான் தூங்கவே இல்ல."

பேசி அடங்கியது.

அந்தக் குட்டியிடம் கூட நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. சொன்னதாக நானே நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

சனம் மூச்சு விட்டது. முதலில் சிரித்தவன் மாதையன்தான்.

"பார்த்தீங்களா! கல்லு பொய் சொல்லுமா? இதுவரைக்கும் ஒரு கல்லாவது பொய் சொல்லியிருக்கா?"

"நாய்க்கு வாயைப் பிடிக்க வந்தவருகிட்ட நல்ல பேரு வாங்கணும்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு பாருங்க" என்று ஆண்டியப்பன் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். நல்லாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களைப் போயி நான் என்னென்னவோ நினைச்சேன்ணா. எவ்வளவு பெரிய மனசு!" என்றாள்.

யோசித்துப் பாருங்கள், நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். கல் எனக்குச் சாட்சி சொல்லிவிட்டது. சனம் எனக்காக அழுகிறது. முன்னை விடப் பெரிய மனுஷனாக ஆகியிருந்தேன். நாய்க்கும் பல் சுத்தமாகிவிட்டது. இனி சொல்வதால் எந்த உயிரும் பிழைக்கப்போவதில்லை. அப்போதுதான் சீரங்கன் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. அன்றைக்குக் கோயில் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது பார்த்த அதே பார்வை. அடுத்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவனுக்குத் தெரியும், அது அவனுக்கு எப்போதும் தெரிந்ததுதான் என்கிற பார்வை. அவன் நினைப்பது சரியாகிவிடக் கூடாது என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"கல்லு நான் பேசினதைத்தான் சொல்லும். நடந்ததைச் சொல்லாது" என்றேன். "நான் நாய்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேன். நான் தூங்கினேன்."

"விடுங்கண்ணா, போதும்" என்றான் மாதையன்.

"தூங்கினேன்டா!" என்று கத்தினேன்.

சீரங்கன் நாயின் தலையை மெல்லத் துண்டின் மேல் இறக்கிவைத்தான். எழுந்து, என் வீட்டு அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு, முழங்கை வரைக்கும் கழுவினான். கழுவிக்கொண்டே பேசினான்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றே செங்கோடா? நீ தூங்கினதைப் பார்த்தவனே நான்தான்."

"வேற யார்கிட்டச் சொல்றது?"

"எம் பொண்ணு கோகிலா கல்யாணத்துக்கு அம்பது இலை போட்டேன். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க முன்னாடி லைன் ஆளுங்க இலை அத்தனையும் காலியாக் கெடந்துச்சு. பொய்யன் வீட்டுப் பொண்ணுன்னுதான் அந்த வீட்டுல இன்னைக்கும் அவ பேரு. ஆத்தூர்ல இருக்கா, மார்க்கெட்டுக்குப் பின்னாடி. போய் அங்க சொல்லு."

ஈரக் கையை உதறிவிட்டு, துண்டைக் கூட எடுக்காமல் போய்விட்டான்.

லைன் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் இன்று வரைக்கும் கல்லைத்தான் நம்புகிறார்கள். அந்த அடிக் கல்லை மாதையன் கழுவி, மஞ்சள் பூசி, மாரியம்மன் கோயில் சுவரில் மாடம் வெட்டி வைத்துவிட்டான். நானே போய், "அது பொய்க் கல்லுடா, எடு" என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க அடக்கம் யாருக்குண்ணா வரும்?" என்று என் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினான். வெள்ளிக்கிழமைகளில் அதற்குக் குங்குமம் வைக்கிறார்கள். மீதிப் பாதிப் பேர் சீரங்கன் வீட்டுப் பக்கம் போகும்போது நடையைத் தளர்த்துகிறார்கள், ஏதாவது பேசலாமா என்று பார்க்கிறார்கள், பதினோரு வருஷத்துக்குப் பிறகு எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் கடந்துபோகிறார்கள்.

மேனேஜர் மூன்றாம் நாள் கஞ்சி குடித்தது, ஏழாம் நாள் சோறு மென்றது, இரண்டு பக்கமும். கண்ணுக்குக் கீழே வீக்கம் வற்றியது. தினம் காலையில் துணி சுற்றிய விரலால் நானே தேய்த்துவிடுகிறேன். தேய்க்கும்போது பேசுவதில்லை.

அது எலும்பு உருட்டுகிற அளவுக்குத் தேறியதைப் பார்த்துவிட்டு ஆத்தூருக்குப் பஸ் ஏறினேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்று பேரிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். கம்பிக் கதவு. உள்ளே மாமியார் முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள், மாமனார் நாற்காலியில் இருந்தார், அவள் புருஷன் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். கோகிலாதான் வந்தாள். ஏழாவது படிக்கும்போது மில்லுக்கு அவள் அப்பனுக்குச் சோறு கொண்டுவருகிற பெண், எனக்கும் ஒரு உருண்டை உருட்டித் தருவாள். இப்போது முன்தலை நரைத்திருந்தது.

"யாருங்க வேணும்?"

"மில் லைன் செங்கோடன்மா."

முகம் கல்லாயிற்று. தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை, திறக்கவும் இல்லை. "இங்க எதுக்கு வந்தீங்க?" என்று மெதுவாக, உள்ளே கேட்காதபடி கேட்டாள்.

பஸ்ஸில் வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தேன், அவள் அப்பன் ஒரு வார்த்தை மூடி வைத்திருக்கலாம் என்பதையும் எங்கேயாவது சேர்க்க வேண்டும் என்று இருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்த்ததும் அதை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. முறத்தின் சத்தம் நின்றது. மாமனார் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தி, "அன்னைக்கு மில்லுல நான் தூங்கிட்டேன்மா" என்று ஆரம்பித்தேன்.